லேண்ட்மேன் வேலை: தஞ்சாவூரில் பத்திரம் பார்த்த வக்கீலுக்கு டெக்சஸில் இடம் கிடைக்குமா?

காவிரிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் தஞ்சாவூரில் வக்கீலாக இருந்தவள். கோர்ட்டில் நின்றதைவிட வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதியதுதான் அதிகம். தாய்ப்பத்திரத்தில் தொடங்கி, வில்லங்கம் போட்டுப் பார்த்து, வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை, பட்டா, சிட்டா எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று சரிபார்த்து, கடன் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பேன். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது கணவரின் வேலைக்காக ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டியில் இருக்கிறோம். எச்-4 இஏடி (எச்-1பியில் இருப்பவரின் மனைவிக்குத் தரும் வேலை அனுமதி) கையில் இருக்கிறது. இங்கே வக்கீல் ஆக வேண்டுமென்றால் மறுபடி படித்துப் பார் பரீட்சை எழுத வேண்டும். பாப்பாவுக்கு மூன்று வயது, இப்போதைக்கு அது நடக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் லேண்ட் டிபார்ட்மென்டில் இருக்கிறார். நான் செய்த வேலையைக் கேட்டுவிட்டு, "இங்கே இதைத்தான் லேண்ட்மேன் செய்கிறார், நீ முயற்சி செய்" என்றார். தேடிப் பார்த்தேன். ஒரு பக்கம் பத்திரம் பார்ப்பது என்கிறார்கள், இன்னொரு பக்கம் வீடு வீடாகப் போய் எண்ணெய் எடுக்க லீஸ் (குத்தகை) பேசுவது என்கிறார்கள். உண்மையில் என்ன வேலை? லைசென்ஸ் வேண்டுமா? எனக்குத் தெரிந்தது இங்கே செல்லுபடியாகுமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்_பொறியாளர்:

நான் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் ரிசர்வாயர் (நிலத்தடி எண்ணெய்ப் படிவம்) பக்கம். எங்கள் மாடியிலேயே லேண்ட் டிபார்ட்மென்ட் இருக்கிறது, பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். பெயரில் 'மேன்' இருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

ஒரே ஒரு யோசனை. லேண்ட்மேன் என்று மட்டும் தேடாதீர்கள். டிவிஷன் ஆர்டர் அனலிஸ்ட், லீஸ் அனலிஸ்ட் என்ற வேலைகளையும் பாருங்கள். எண்ணெய் விற்ற பணத்தில் உரிமையாளர்களுக்குப் போகும் பங்கான ராயல்டி யாருக்கு எவ்வளவு, லீஸ் விவரங்கள் என்ன என்று கணக்கு வைப்பவர்கள் இவர்கள். ஆபீஸ் வேலை, மாதச் சம்பளம், இன்ஷூரன்ஸ் உண்டு. சின்னக் குழந்தை வைத்திருப்பவருக்கு இது வசதி. ஆனால் எண்ணெய் விலை விழுந்தால் இங்கேயும் ஆட்குறைப்பு வரும், அதை மனதில் வையுங்கள்.

மிட்லண்ட்காரன்:

காவிரிக்கரை மேடம், நான் மிட்லண்டில் இருக்கும் ஃபீல்ட் லேண்ட்மேன். கம்பெனிச் சம்பளக்காரன் இல்லை, ஒப்பந்த ஆள். மேற்கு டெக்சஸின் பெர்மியன் எண்ணெய்ப் பகுதியில் ரீவ்ஸ், வார்ட், லவிங் கவுண்டிகளில்தான் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) என் பெரும்பாலான வேலை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் விரிவாக எழுதத் தோன்றியது, ஏனென்றால் பத்திரம் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலுக்கு வேண்டும். பேசத் தெரிந்தவர்கள் நிறைய வருகிறார்கள். பத்திரத்தைப் பொறுமையாகப் படிப்பவர்கள் குறைவு.

முதலில் அடிப்படை. நம் ஊரில் நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருந்தால் அது அரசுடையது. நரிமணத்தில் ஓஎன்ஜிசி கிணறு தோண்டினால் நிலக்காரருக்கு மேல்நிலத்துக்கான பணம் மட்டும்தான். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அது தனியார் சொத்து. அதையும் நிலத்திலிருந்து பிரித்து விற்கலாம், பிரித்து வைத்துக்கொள்ளலாம். ஒருவர் 1948ல் பண்ணையை விற்கும்போது "கனிமத்தில் பாதி எனக்கே" என்று ஒரு வரி எழுதிவிட்டால், மேல்நிலம் எத்தனை கை மாறினாலும் அந்தப் பாதி அவருடைய வாரிசுகளிடமே இருக்கும். இன்று அந்த நிலத்தில் மாடு மேய்ப்பவருக்குக் கீழே உள்ளதில் ஒரு துளிகூடச் சொந்தமில்லாமல் போகலாம். அப்படி இருந்தும், கனிம உரிமையை லீஸ் எடுத்த கம்பெனி தோண்டுவதற்கு நியாயமாகத் தேவைப்படும் அளவு மேல்நிலத்தைப் பயன்படுத்தலாம் என்பதுதான் டெக்சஸ் சட்டம். பண்ணை வாசலுக்கு வந்து கோபப்படும் பண்ணைக்காரரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நல்ல கம்பெனிகள் அவரோடும் தனியாக ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்துவிடுகின்றன.

ஆக, கம்பெனி ஓரிடத்தில் தோண்ட நினைத்தால் யாரிடம் லீஸ் வாங்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது முதல் வேலை, அவரிடம் பேசி வாங்குவது இரண்டாவது வேலை. நீங்கள் தேடியபோது பார்த்த இரண்டு விளக்கமும் சரி. உங்களுக்கு என் சிபாரிசு, முதல் வேலையில் நுழையுங்கள்.

அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பழைய இண்டெக்ஸ் புத்தகங்கள் வரிசையாக இருக்கும். துணி பைண்டிங், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். விற்றவர் பெயரில் ஒரு வரிசை, வாங்கியவர் பெயரில் ஒரு வரிசை. பழைய புத்தகங்களில் முழு அகரவரிசை கிடையாது. முதல் எழுத்தை மட்டும் பார்த்துப் பிரித்து, அதற்குள் பத்திரம் பதிவான தேதிப்படி போட்டிருப்பார்கள். ஒரு குடும்பப் பெயரைத் தேட அந்த எழுத்தின் பக்கம் முழுவதையும் விரலை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் கணவர் பெயருக்குப் பின்னால் 'எட் அக்ஸ்' என்று மட்டும் இருக்கும், அந்த அம்மாவின் பெயர் உள்ளே போனால்தான் தெரியும். பெயரில் ஓரெழுத்து மாறிப் பதிவாகியிருந்தால் அது வேறு பக்கத்தில் கிடக்கும்.

உங்கள் முப்பது வருட வில்லங்கம் இங்கே போதாது. மாநிலம் முதன்முதலில் அந்த நிலத்தை ஒருவருக்குக் கொடுத்த பேட்டன்ட்டிலிருந்து இன்று வரை வர வேண்டும். மேற்கு டெக்சஸில் பெரும்பாலும் ரெயில்வே கம்பெனிகளுக்குக் கொடுத்த நிலம், பிளாக், செக்‌ஷன் என்று இருக்கும். ஒரு செக்‌ஷன் சுமாராக 640 ஏக்கர். பழைய சர்வேயில் தூரத்தை வாரா என்ற ஸ்பானிய அளவில் எழுதியிருப்பார்கள், ஒரு வாரா 33⅓ அங்குலம். இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 1895 முதல் 1931 வரை மாநிலம் கனிம உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு விற்ற நிலம் ரீவ்ஸ் பக்கம் ஏராளம். அங்கே கனிமம் மாநிலத்துடையது, ஆனால் 1919ல் வந்த சட்டப்படி மேல்நிலக்காரர் மாநிலத்தின் ஏஜென்டாக லீஸ் கொடுத்து, வரும்படியை மாநிலத்தோடு பங்கு போட்டுக்கொள்கிறார். மாநிலத்தின் நில அலுவலகமான ஜெனரல் லேண்ட் ஆபீஸ் ஒப்புதல் இல்லாமல் அந்த லீஸ் நிற்காது.

எடுத்த ஒவ்வொரு பத்திரத்தையும் தேதி வாரியாக ஒரு ரன்ஷீட்டில் போட வேண்டும். அதன் பிறகுதான் பின்னம். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 640 ஏக்கரில் பாதி கனிமத்தை வைத்துக்கொண்டவருக்கு 320 நெட் ஏக்கர் (அவர் பங்குக்கு வரும் ஏக்கர்). அவருக்கு நான்கு பிள்ளைகள், ஆளுக்கு 80. அதில் ஒருவர் இறந்து அவருக்கு மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 26.67. இரண்டு செக்‌ஷன் சேர்த்து 1,280 ஏக்கரில் ஒரு யூனிட் (ஒன்றாகச் சேர்த்துத் தோண்டும் பகுதி) போட்டு, லீஸில் கால் பங்கு ராயல்டி என்றால், அந்தப் பேரப்பிள்ளையின் பங்கு 0.00520833. மாதம் பத்து லட்சம் டாலருக்கு எண்ணெய் விற்றால் அவருக்கு வரிக்கு முன் சுமார் 5,208 டாலர். ஒரு கல்யாணத்தை, ஒரு உயிலைக் கவனிக்காமல் விட்டால் இந்தப் பணம் வேறொருவருக்குப் போகும்.

பின்னத்தைப் படிப்பதிலும் ஆபத்து உண்டு. 1924ல் எழுதிய ஒரு பத்திரத்தில் விற்றவர்கள் கனிம உரிமையில் "எட்டில் ஒன்றில் பாதி" தங்களுக்கு என்று எழுதியிருந்தார்கள். பெருக்கினால் 1/16. ஆனால் அந்தக் காலத்தில் ராயல்டி என்றாலே 1/8 தான் என்று இருந்ததால், 1/8 என்பதை முழு கனிம உரிமைக்கே பெயராகப் பயன்படுத்திவந்தார்கள். அதனால் அவர்களுக்கு முழுமையில் பாதி என்று டெக்சஸ் சுப்ரீம் கோர்ட் 2023ல், வான் டைக் வழக்கில் தீர்ப்பு சொன்னது. 1/16க்கும் 1/2க்கும் எட்டு மடங்கு வித்தியாசம். அதனால் ரன்ஷீட்டில் நீங்களே பெருக்கி விடை எழுதாதீர்கள். பத்திரத்தில் இருக்கும் வாசகத்தை அப்படியே எழுதுங்கள், முடிவை டைட்டில் அட்டர்னி (நில உரிமையைப் பார்க்கும் வக்கீல்) சொல்லட்டும். நீங்கள் ஊரில் ஒப்பீனியன் எழுதியவர், இங்கே ஒப்பீனியன் எழுதுவது அவர் வேலை. இந்த எல்லையை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும்.

வாரிசு விஷயத்தில் உங்கள் அனுபவம் அப்படியே உதவும். இங்கே தாசில்தார் கொடுக்கும் சான்றிதழ் கிடையாது. ஒருவர் உயில் இல்லாமல் இறந்து, வாரிசு விஷயம் கோர்ட்டுக்கும் போகாமல் இருந்தால், குடும்பத்தைத் தெரிந்த, சொத்தில் பங்கில்லாத ஆட்களிடம் அஃபிடவிட் வாங்கிப் பதிவு செய்வோம். பதிவாகி ஐந்து வருடம் கடந்துவிட்டால் அதில் சொன்னதைக் கோர்ட் முதல்நிலைச் சாட்சியாக ஏற்கும். யார் யாருக்கு எத்தனை கல்யாணம், தத்துப் பிள்ளை உண்டா, முதல் தாரத்துப் பிள்ளைகள் எங்கே என்றெல்லாம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தஞ்சாவூரில் பாகப்பிரிவினை பார்த்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டெக்சஸில் இதற்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் புரொபஷனல் லேண்ட்மென் 1955 முதல் இருக்கும் சங்கம். அதில் உறுப்பினராகிப் பாடங்களை எடுங்கள். அவர்கள் தரும் தகுதிகள் ஆர்எல், ஆர்பிஎல், சிபிஎல் என்று படிப்படியாகப் போகும். கடைசியது பெற அனுபவ வருடங்கள் வேண்டும். ஒக்லஹோமா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதற்கென்றே பட்டப்படிப்பு உண்டு, ஆனால் உங்களுக்கு அது அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

காவிரிக்கரை:

மிட்லண்ட்காரன் அண்ணா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு மிக்க நன்றி. அந்த 1924 பத்திரத்தைக் கணவரிடம் படித்துக் காட்டினேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். நான் பேசும் ஆங்கிலம் ஊர் ஆங்கிலம்தான். பின்னால் லீஸ் பேச வேண்டி வந்தால் இந்த ஊர்ப் பெரியவர்கள் என்னோடு பேசுவார்களா? அப்புறம், வேலை நிரந்தரமா? உண்மையைச் சொல்லுங்கள், நான் தாங்கிக்கொள்வேன்.

மிட்லண்ட்காரன்:

சகோதரி, கடினமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிரந்தரம் இல்லை. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 பிப்ரவரியில் 30க்குக் கீழே வந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று மே மாத ஒப்பந்தத்தின் விலை மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. அப்படி விழும்போது முதல் போன் எங்களைப் போன்ற ஒப்பந்த லேண்ட்மேன்களுக்குத்தான் வரும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று. கோர்ட்ஹவுஸில் உட்கார இடமில்லாமல் இருந்த மேஜைகள் ஒரே மாதத்தில் காலியாவதைப் பார்த்திருக்கிறேன். அது வரும் என்று தெரிந்தே இறங்க வேண்டும். நல்ல காலத்தில் வருவதை முழுவதும் செலவழிக்காதீர்கள். பத்திரம் பார்க்கும் திறமை இருந்தால் பைப்லைன் வழி வாங்குவது, காற்றாலை, சோலார் பண்ணைக்கு நிலம் பேசுவது என்று பக்கத்து வேலைகளுக்கு மாறலாம். எண்ணெய் விழுந்த சமயங்களில் எங்களில் பலர் அப்படித்தான் சமாளித்தார்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். லபக் பக்கம் ஒரு விதவைப் பாட்டியம்மாவைப் பார்க்கப் போனதைச் சொல்கிறேன். கணவரின் குடும்பம் மேல்நிலத்தை என்றோ விற்றுவிட்டது, கனிமத்தில் தனக்குப் பங்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. என்னைச் சமையலறை மேஜையில் உட்காரவைத்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து அதிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவருடைய மாமனாரின் உயில் அதற்குள் இருந்தது. நான் அந்தக் குடும்பத்து ஆட்களின் பெயர்களைப் பத்திரங்களில் படித்து வைத்திருந்ததால், அவருடைய நாத்தனார் யாரைக் கட்டினார் என்பது வரை பேச முடிந்தது. என் உச்சரிப்பு அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவருடைய குடும்பத்தை நான் படித்துவிட்டு வந்திருந்தேன் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

லீஸையும் அதற்கான பணத்துக்கு ஒரு ட்ராஃப்டையும் கையில் கொடுத்தபோது அவர் கேட்ட கேள்வி, "இந்தக் காகிதத்தை நாளைக்கே பேங்கில் போடலாமா?" அது ட்ராஃப்ட், செக் இல்லை. கம்பெனி டைட்டிலைச் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பணம் வரும், அதற்குப் பல வாரம் ஆகும், டைட்டில் சரியில்லை என்றால் வராமலும் போகலாம். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். எதிரில் இருப்பவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும், அந்த இடைவெளியில் காசு பார்ப்பது பாவம். நான் அன்று சொன்னது: நான் கம்பெனிக்காக வந்திருக்கிறேன், உங்கள் பக்கத்து ஆள் இல்லை. ராயல்டி எத்தனை பங்கு, செலவு கழித்தா கழிக்காமலா, மூன்று வருடத்துக்குள் தோண்டாவிட்டால் லீஸ் முடிகிறதா, தோண்டினால் கிணறு இல்லாத மற்ற ஏக்கர்களை விட்டுவிடும் 'பியூ' ஷரத்து இருக்கிறதா, இதையெல்லாம் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவர் காட்டினார். இரண்டு வரி மாற்றச் சொன்னார்கள், கம்பெனி ஒத்துக்கொண்டது. பின்னால் அவருடைய கணவரின் தங்கை, அண்ணன் பிள்ளைகள் எல்லோரும் என்னைக் கூப்பிட்டுத்தான் லீஸ் கொடுத்தார்கள்.

தனியாக மேற்கு டெக்சஸில் ஓட்டிப் போவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பில் மொத்தம் 64 பேர்தான். சில ரோடுகளில் போன் சிக்னல் வராது, மணல் லாரிகள் வேகமாக வரும். ரீவ்ஸ் கவுண்டித் தலைநகரான பீகோஸ், கேட்டியிலிருந்து ஒரு நாள் பயணம். குழந்தை சிறியதாக இருக்கும்வரை பக்கத்துக் கவுண்டிகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் டைட்டில் வேலையை மட்டும் எடுங்கள். டெக்சஸ்ஃபைல் போன்ற தளங்களில் பல கவுண்டிப் பத்திரங்கள் பணம் கட்டினால் வீட்டிலிருந்தே கிடைக்கும்.

வரிக்கணக்கு_வேலு:

நான் வரிக் கணக்கு பார்ப்பவன், ஒரு விஷயம் மட்டும். எச்-1பியில் இருப்பவர் இப்படி 1099 ஒப்பந்த வேலை (சம்பள ஊழியராக இல்லாமல் தனி ஆளாகச் செய்வது) எடுக்க முடியாது. எச்-4 இஏடியில் முடியும், சொந்தத் தொழிலும் செய்யலாம். ஆனால் இஏடி தேதி முடிந்தால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும், புதுப்பிக்க முன்கூட்டியே மனு போடுங்கள்.

ஒப்பந்தத்தில் யாரும் வரி பிடிக்க மாட்டார்கள். சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதற்கு மேல் வருமான வரி. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15ஆம் தேதிகளில் நீங்களே கட்ட வேண்டும். நாள் சம்பளத்தைப் பார்த்து அதை அப்படியே மாத வருமானமாகக் கணக்குப் போடாதீர்கள். மைல் கணக்கை அன்றன்றே குறித்து வையுங்கள், வண்டி ஓட்டிய செலவைக் கழிக்கலாம்.

காவிரிக்கரை:

வேலு சார், அண்ணா, பொறியாளர் சார், மூவருக்கும் நன்றி. இஏடி அடுத்த வருடம் வரை இருக்கிறது, புதுப்பிக்கும் வேலையை இந்த வாரமே கணவரிடம் சொல்லிவிடுகிறேன். வேலை தேடும் முன் வீட்டிலேயே பழகிப் பார்க்க ஏதாவது வழி உண்டா அண்ணா?

மிட்லண்ட்காரன்:

உண்டு. ரெயில்ரோடு கமிஷனின் மேப் தளம் இலவசம். பெயர் ரெயில்ரோடு என்றாலும் டெக்சஸில் எண்ணெய்க் கிணறுகளைக் கட்டுப்படுத்துவது அவர்கள்தான். அதில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஃபோர்ட் பெண்ட் அல்லது வாலர் கவுண்டியில் ஒரு பழைய கிணற்றைப் பிடியுங்கள். அது எந்த சர்வேயில் வருகிறது என்று பாருங்கள். ஜெனரல் லேண்ட் ஆபீஸ் தளத்தில் அந்த சர்வேயின் பேட்டன்ட் கோப்பு இருக்கும், இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பொதுமக்கள் யாரும் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம், பிரதி எடுத்தால் மட்டும் பக்கத்துக்குக் காசு. பேட்டன்டிலிருந்து கீழே இறங்கி வந்து ஒரு ரன்ஷீட் போடுங்கள். ஹூஸ்டன் பக்கம் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றிருப்பார்கள், அதனால் முதல் தடவை பெரிய துண்டாகத் தேர்ந்தெடுங்கள்.

முடித்ததும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். சரியாக வந்திருந்தால் ஒப்பந்த லேண்ட்மேன்களுக்கு வேலை கொடுக்கும், எனக்குத் தெரிந்த இரண்டு புரோக்கர்களுக்கு அதையே மாதிரியாக அனுப்புகிறேன். எட்டில் ஒன்று வரும் பத்திரம் கிடைத்தால், வாசகத்தைச் சுருக்காமல் முழுவதும் தட்டச்சு செய்யுங்கள், காற்புள்ளி உட்பட.